நம்ம சனத்துக்குச் சரிப்படாத மாடி பஸ்

தம்பி ரியாஸ்,

நீ வரைந்த மாடி பஸ் முதன்முதலாகப் பட்டணத்து ரோட்டில் இறங்கிய அன்று நான் செய்த காரியத்தை நீ இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்கிறாள் உன் அம்மா. நீ சொல்லாவிட்டால் என்ன, நானே சொல்லிவிடுகிறேன். வாழைமரம் கட்டி, பூமாலை சாத்தி, பெரிய மனிதர்கள் வரிசையாக நின்ற இடத்துக்குப் பஸ் வந்து சேர்ந்ததும் கூட்டம் லேசாக முன்னால் நகர்ந்தது. கூட்டம் நகர்ந்தால் என் கை சும்மா இருக்காது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழகிய கை. தோளில் கிடந்த துண்டை உருவிச் சுருட்டி, சன்னல் வழியாகச் சீட்டில் போய் விழுகிற மாதிரி வீசினேன். குறி தப்பவில்லை. கண்ணாடிதான் மூடியிருந்தது. அது எந்தக் காலத்திலும் திறக்காத கண்ணாடி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. துண்டு அதில் மோதி, வழுக்கிக்கொண்டே இறங்கி, உன் கம்பெனி மேலதிகாரியின் தோளில் விழுந்தது. யாரோ தனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நினைத்து அந்த மனிதர் நாலு திசையும் பார்த்துக் கும்பிட்டார். நான் அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல துண்டு, சின்னாளபட்டியில் நெய்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தக் கடிதத்தில் நான் நிறையப் பேரைக் கேவலமாகப் பேசப்போகிறேன், உன்னையும் சேர்த்து. அப்படிப் பேசுகிறவன் என்ன யோக்கியன் என்று நீ கேட்பாய். கேட்பதற்கு முன்னாலேயே பதிலைக் கையில் கொடுத்துவிட்டால் நமக்கு நேரம் மிச்சம். இதை வாட்ஸப்பில் அனுப்பினால் நீ படிக்க மாட்டாய். நான் தினமும் அனுப்புகிற காலை வணக்கப் பூக்களோடு சேர்த்துத் தள்ளிவிடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் சிநேகிதன் எவனாவது படித்துவிட்டு, “டேய், உங்க அத்தா உன்னைக் கிழிச்சுத் தொங்கப்போட்டிருக்காரு” என்று சொன்னால் உடனே தேடிப் படிப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து நாம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நீ வந்தால் மட்டும் உன் அம்மா செய்கிற பிரியாணி, தால்சா. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே, உன் கம்பெனியே அனுப்புகிற வெளிநாட்டு வேலை கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது என்றாய். சந்தோஷம்தான். கறித்துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாய்.

“போறதுக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுக்கணும்த்தா. அடுத்த செட் பஸ் எப்படி இருக்கணும்னு கேக்குறாங்க. தாழ்தளம் நம்ம சனத்துக்குச் சரிப்படாதுன்னு எழுதப்போறேன். தரையை உயர்த்தி ரெண்டு படி வச்சுட்டா தீந்துச்சு.”

“ஏன், சனம் என்ன பண்ணுச்சு?” என்றேன்.

“நீங்களே பாத்தீங்கல்ல, சீட்டையெல்லாம் கிழிச்சு வச்சிருக்காங்க. ஒரு நல்ல பொருளைக் குடுத்தா வச்சுக்கத் தெரியல. இவங்களுக்கு அந்தப் பழைய டவுன் பஸ்ஸே போதும்.”

உன் அம்மா தால்சாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சட்டி நிறையத் தால்சா இருந்தது, ஊற்றிவர ஒரு அவசியமும் இல்லை. நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் என் வாயில் நல்லி எலும்பு. எலும்பை எடுத்துவிட்டுப் பேசலாம் என்று பார்ப்பதற்குள் நீ கை கழுவப் போய்விட்டாய். அப்புறம் உன் மாமா வந்து உட்கார்ந்தார். “மாப்ள ஃபாரின் போறாராம்ல” என்று பேகம்பூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக நம்மிடம் சொல்ல வந்திருந்தார். அந்த மனிதருக்கு எதிரே எதையும் பேச முடியாது, மறுநாள் அது பள்ளிவாசல் தெருவில் வேறு உருவத்தில் நடமாடும்.

ஆக, அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன். நீ எழுதப்போகிற அந்த ஒரு வரி சாதாரண வரி இல்லை. அந்தத் தரையை வரைந்தவன் நீ. வரைந்தவனே சரிப்படாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சரிப்படும் என்று வாதாட வேறு எவன் போவான்? அடுத்து வருகிற பஸ்ஸெல்லாம் படி வைத்து வரும். அதன் ஆயுசு முடிகிற வரைக்கும் அந்தப் படி அங்கேயே இருக்கும்.

முதலில் உன் பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன். அது திட்டத் தகுந்த பஸ். வெயில் கொளுத்துகிற ஊரில் திறக்காத கண்ணாடி வைத்தீர்கள். குளிர்சாதனம் வேலை செய்தவரை மேல்மாடி ஊட்டி, அது நின்ற மறுநாள் மேல்மாடி எங்கள் தெரு பேக்கரி அடுப்பு. மாடிக்குப் போகிற ஏணிப்படியை ஒரு ஆள் அகலத்துக்கு வைத்தீர்கள். அந்த ஒரு ஆள் யார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பையும் குடையும் பிள்ளையும் வைத்திருக்கிற எந்த மனுஷியும் அவளாக இருக்க முடியாது. நடுப்படியில் ஏறுகிறவளும் இறங்குகிறவளும் முகத்துக்கு முகம் நின்று, யார் பின்வாங்குவது என்று வம்சச் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே மேடு வருகிறது என்று அங்கே சீட்டுகளை எதிரெதிராகப் போட்டீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்க, அவர் கொட்டாவி விடுகிறபோது தொண்டைவரை தெரிகிற மாதிரி ஒரு சீட்டை மனிதனுக்குச் செய்யலாம் என்று எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து ஸ்டாப்பில்தான். தரை தாழ்வாக இருப்பதே நடைபாதையிலிருந்து நேராகக் கால் வைத்து உள்ளே போவதற்கு. அப்படித்தானே நீ எனக்குச் சொன்னாய்? நடைபாதையை ஒட்டி ஆட்டோ நிற்கிறது, இளநீர் வண்டி நிற்கிறது, ஒரு பெரிய மனிதரின் கார் நிற்கிறது. பஸ் நடுரோட்டில் நிற்கிறது. சனம் ரோட்டில் இறங்கிப் போய், அங்கிருந்து உன் தாழ்தளத்துக்கு மறுபடி காலைத் தூக்குகிறது. நீ வரைந்த தாளில் ஆட்டோ இல்லை, இளநீரும் இல்லை. அந்தத் தாளில் இருக்கிற ஊர் எந்த ஊரோ, அந்த ஊருக்கு அது நல்ல பஸ்.

இதைப் பேச நான் யார் என்று ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கிற குஷன் கடைக்காரன். உன் பஸ்ஸைப் பற்றி நான் சொன்ன ஜோசியம் எதுவும் பலித்ததில்லை. மாடி வைத்த வண்டி, அதுவும் அடியில் படியே இல்லாமல் தரையோடு தரையாகப் போகிற வண்டி, முதல் வளைவில் கவிழும் என்று டீக்கடையில் சவால் விட்டேன். நீ என்னை உங்கள் கம்பெனிக்குக் கூட்டிப்போனாய். மேல்மாடி சீட்டில் எல்லாம் மணல் மூட்டைகளை ஆள் மாதிரி உட்கார வைத்து, கீழே காலியாக விட்டு, பஸ்ஸை ஒரு இரும்பு மேடையில் நிறுத்தி, மேடையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனார்கள். பஸ் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, நின்றது. கனமானதை எல்லாம் அடியில் வைத்திருக்கிறோம், அதனால் கவிழாது என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை. நான் பஸ்ஸோடு சேர்ந்து சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஒரு இன்ஜினியர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “ஐயா, நீங்க சமதரையிலதான் நிக்கிறீங்க” என்றாள் அந்தப் பெண்.

என் தொழிலிலும் நான் பெரிய உத்தமன் இல்லை. “பாய், இன்னொரு வரிசை நுழைச்சிருங்க” என்று தனியார் பஸ் முதலாளிகள் சொன்னபோதெல்லாம் நுழைத்துக் கொடுத்தவன். முழங்கால் எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை. அவர்களும் கேட்டதில்லை, காரில் போகிறவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. அந்தப் பஸ் ஒன்றில் பழனி ரோட்டில் போகும்போது நானே தைத்த சீட்டில் நானே மாட்டிக்கொண்டேன். ஒட்டன்சத்திரத்தில் இறங்க வேண்டியவனைக் கண்டக்டரும் இன்னொருவரும் சேர்ந்து பிடுங்கி எடுத்தார்கள். “ஏனுங்க, இந்த சீட்டை எந்த மகராசனுங்க தச்சான்?” என்றார் பக்கத்தில் இருந்தவர். தெரியலைங்க என்றேன், அவர் ஊர்ப் பேச்சிலேயே.

அதனால் நான் சொல்வதை ஒரு முட்டாள் இன்னொரு முட்டாளுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள். அதில் நமக்குள் போட்டி வேண்டாம்.

இப்போது பஸ்ஸைக் கொன்றவர்களுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் ஓடும் என்று நீ மார்தட்டிய வண்டி, அதில் பாதிகூட ஓடாமல் டிப்போவின் மூலையில் நிற்கிறது. அதைப் பார்க்க என்னை நீயே கூட்டிப்போனாய். எனக்கு அந்த இடம் மறக்காது. கீழ்த்தளத்தில் விளக்குமாறும் வாளியும் பழைய டயரும். மேல்மாடிக் கம்பியில் யாருடைய பனியனோ காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டிரைவர் பின்சீட்டில் நீட்டிப் படுத்திருந்தார். மேலே காற்று நன்றாக வந்தது, ஏனென்றால் கண்ணாடிகளை யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள். ஓடுகிற காலத்தில் திறக்காத சன்னல், வண்டி செத்த பிறகு திறந்திருந்தது.

அங்கே இருந்த ஃபோர்மேன் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

“இது ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பையில நிக்கிற வண்டிங்க. பை கிழிஞ்சிருச்சு. எழுதிப் போட்டோம், வரல. மறுபடி எழுதுனோம், எங்க எழுதுனீங்கன்னு கேட்டு ஒரு பதில் வந்துச்சு.”

“அந்தப் பையை இங்கயே செய்ய முடியாதா?” என்று நான் குறுக்கே விழுந்தேன். “நல்ல ரெக்ஸின் ரெண்டு மடிப்பா வச்சு, நைலான் நூல்ல…”

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். “செய்யலாம் பெரியவரே. நீங்க தச்ச பையை மாட்டி, மேலயும் கீழயும் சனத்தை ஏத்தி, பாலத்துல நீங்களே ஓட்டுங்க. நான் கீழ நின்னு பாக்குறேன்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் பின்சீட்டில் படுத்திருந்த டிரைவர் எழுந்து வந்து பேச்சில் கலந்துகொண்டார். ஸ்டாப்பில் நின்றதும் பஸ் இடதுபக்கமாக உஸ்ஸென்று இறங்கிக் குனிந்து கொடுக்குமே, அதை எத்தனை நாள் போட்டீர்கள் என்று நீ அவரிடம் கேட்டாய்.

“அதை அப்பவே கழட்டி விட்டாச்சு சார். ஒவ்வொரு ஸ்டாப்பா குனிஞ்சு சலாம் போட்டுட்டு இருந்தா எப்பப் போயிச் சேர்றது? லேட்டுன்னா எனக்குத்தான மெமோ.”

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மெமோ. ஆனால் மெமோ கொடுப்பவன் எந்தப் பஸ்ஸில் வருகிறான்? வேகத்தடையை ஒட்டகத் திமில் மாதிரிப் போட்டுவிட்டு, பஸ்ஸின் அடிவயிறு உரசுகிறது என்று பஸ்ஸைத் திட்டினானே, அவன் எதில் வருகிறான்? மரக்கிளை மேல்மாடிக் கண்ணாடியை உடைத்தபோது கிளையை வெட்ட நாதியில்லாமல் அந்த ரூட்டையே வெட்டினானே, அவன்? காற்றுப் பை எந்தத் தேசத்தில் விற்கிறது என்றுகூடத் தெரியாமல் வாழைமரம் கட்டி வண்டியை விட்டார்களே, துண்டைப் பொன்னாடை என்று நினைத்துக் கும்பிட்டாரே உன் மேலதிகாரி, அவர்? ஒருத்தராவது ஒருநாள் அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாரா? இவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தப்பு யாருடையது என்று கேட்டால் நீ நேராகச் சனத்தின் மேல் கை நீட்டுகிறாய். சனம் சீட்டைக் கிழித்தது, உண்மை. கிழிந்த சீட்டைத் தைத்துத்தானடா உன்னைப் படிக்க வைத்தேன். சீட்டு கிழிந்ததற்காகப் பஸ்ஸைத் தூக்கிப் போட்ட முதலாளி ஒருத்தனை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சீட்டு கிழியும், தைப்பார்கள், வண்டி ஓடும். அதற்குப் பெயர்தான் வண்டி ஓடுவது.

உனக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிர் அறையில் நீளமேசை போட்டு உட்கார்ந்து, “நம்ம மக்களுக்கு இது புரியாது” என்று ஒருத்தன் சொல்ல, சுற்றி இருக்கிற எல்லாரும் தலையாட்டியிருப்பீர்கள். அப்படித் தலையாட்டும்போது ஒரு சுகம் உண்டு. சனம் என்பது அறைக்கு வெளியே இருப்பது, நாம் அறைக்கு உள்ளே இருப்பவர்கள் என்று ஒரு குளுமை. பேகம்பூர் குஷன் கடைக்காரன் மகனுக்கு அந்தக் குளுமை கொஞ்சம் சீக்கிரமே ஏறிவிட்டது.

சனம் சனம் என்கிறாயே, உன் வீட்டில் ஒரு சனம் இருக்கிறது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போய், தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடக்கிற சனம். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து டவுன் பஸ்ஸில் அவளை ஏற்றுவதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. அவள் வலது காலைப் படியில் வைப்பாள். நான் இடது கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்து, வலது கையை முதுகில் வைத்து, “ம்” என்பேன். அந்த “ம்”முக்கு அவள் எழும்ப வேண்டும். அதற்குள் பின்னால் இருக்கிறவர்கள் எங்களைத் தாண்டி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருப்பார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தனியாக டிக்கெட் கிடையாது, இலவசம்.

நீ காலேஜ் படிக்கும்போது அய்யலூருக்கு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோமே, அன்று ஆட்டுச் சந்தை. பையைப் பிடித்துக்கொண்டு நீயும் பக்கத்தில்தான் நின்றாய். எங்களுக்கு முன்னால் ஒருத்தர் வாங்கிய கிடாயைக் கயிற்றோடு கொண்டுவந்தார். கண்டக்டர் வேண்டாம் என்பதற்குள் கிடாய் ஒரே தாவில் உள்ளே போய்விட்டது. அப்புறம் எங்கள் முறை. முதல் “ம்”முக்கு அவளால் எழும்ப முடியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை.

“யக்கா, ஆடே ஏறிருச்சு. நீங்க இன்னும் ஏறலையா?” என்றார் கண்டக்டர்.

உன் அம்மா படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபடியே நிமிர்ந்து பார்த்தாள். “ஆட்டுக்கு நாலு காலு தம்பி. எனக்கு ஒண்ணரை. செத்த நேரம் பொறு, கணக்குச் சரியா வந்தா ஏறிருவேன்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு இறங்கிவந்து கை கொடுத்தார். நல்ல மனுஷன்தான். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அவளும் சிரித்துக்கொண்டுதான் சீட்டில் உட்கார்ந்தாள், அந்தக் கிடாய்க்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டே, “இனிமே எனக்குப் பஸ்ஸு வேணாங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கீரனூரில் இருக்கிற உன் பெரியம்மாவைப் பார்க்கக்கூட அவள் போகவில்லை. “போன்ல மூஞ்சி தெரியுதுல்ல, போதும்” என்பாள். கூடப்பிறந்த அக்காவை இம்புட்டுச் சின்ன சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெங்காயம் உரிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் பேசுவார்கள், அப்புறம் சார்ஜ் தீர்ந்துவிடும்.

அன்று பட்டதை நினைத்துத்தான் நீ படியில்லாத பஸ்ஸை வரைந்தாய் என்று சொல்லி உன்னை நான் தூக்கி வைக்க மாட்டேன். கம்பெனி வரையச் சொன்னது, வரைந்தாய். சம்பளத்துக்கு வரைந்தாலும் அது நல்ல காரியம்தான். ஆனால் “நம்ம சனத்துக்குச் சரிப்படாது” என்று எழுத உட்காரும்போது பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்து. அந்தச் சனத்துக்குள் உன் அம்மா இருக்கிறாளா, இல்லையா? இருக்கிறாள் என்றால் நீ எழுதப்போவது பொய். இல்லை என்றால், அவளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சம் இருக்கிற நொண்டிகளையும் கிழங்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் படியில் தள்ளுகிறாய். இரண்டில் எது என்று உனக்கே தெரியட்டும்.

என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க எனக்கு வக்கில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது. ஏணிப்படி ஒடுக்கமாகப் போச்சு, அது என் தப்பு என்று எழுது. கண்ணாடி திறக்க வேண்டும் என்று எழுது, துண்டு போடுகிறவர்களும் பிழைத்துப் போகட்டும். காற்றுப் பை பக்கத்து ஊரில் கிடைக்கிற மாதிரி செய்த பிறகுதான் வண்டியை விட வேண்டும் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும், எங்களுக்குத் தோன்றவில்லை என்று எழுது. பஸ் குனிந்து நிமிர்கிற நேரத்தையும் ஓட்ட நேரத்தில் சேர்த்துக் கொடுங்கள், டிரைவரை விரட்டாதீர்கள் என்று எழுது. ஸ்டாப்பில் நிற்கிற காரை எடுக்கச் சொல்லி எழுது, அது மேலதிகாரியின் காராக இருந்தால் இரண்டு தடவை எழுது. தரையை மட்டும் விட்டுவிடு. அந்தப் பஸ்ஸில் நீங்கள் சரியாகச் செய்தது அந்தத் தரை ஒன்றுதான், அதைப் போய்த் தப்பு என்கிறாய்.

இப்படி எழுதினால் வெளிநாடு கிடைக்காமல் போகலாம். தன் தப்பைத் தானே எழுதித் தருகிறவனை எந்தக் கம்பெனி தூக்கி வைக்கும்? உன் மாமாவுக்கு மூஞ்சி தொங்கிப்போகும். அவர் பார்த்து வைத்திருக்கிற பெண் வீட்டார் ஃபாரின் இல்லையென்றால் யோசிப்பார்கள். பஸ் வரைகிறவன் வேண்டாம், விமானம் ஏறுகிறவன்தான் வேண்டும் என்கிற வீட்டில் போய்ப் பெண் எடுத்து நாம் என்ன கிழிக்கப்போகிறோம்? ஆனால் இழப்பு உனக்குத்தான், எனக்கில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து வீரம் பேசுவது சுலபம், அதுவும் மகனுடைய வீரத்தை. போவதென்றால் போ. நான் தடுத்தால் நாளைக்கு உன் எல்லாத் தோல்விக்கும் என் பெயரை வைப்பாய். அந்தச் சௌகரியத்தை உனக்குக் கொடுக்க மாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் போ.

கடைசியாக ஒன்று. நாங்கள் காரில் வந்து உன் வீட்டில் தங்கியிருந்தபோது, பஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நீ ஆபீசுக்குப் போன பிறகு உன் அம்மா திடீரென்று, “அவன் வரைஞ்ச பஸ்ஸுல ஒரு தடவை போவோமா?” என்றாள். விசேஷம் ஒன்றும் இல்லை, சாதாரண நாள். ஸ்டாப்பில் அதிசயமாக ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நின்று, உஸ்ஸென்று மூச்சு விட்டுக் குனிந்தது. நான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் இடது கையை நீட்டி, வலது கையைத் தூக்கி, “ம்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தொடையில் கையை ஊன்றி, ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள். போய் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, சன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றேன். பின்னால் இருந்தவர், “ஏறுங்க பெரியவரே, யாரை வரவேற்கிறீங்க?” என்றார்.

அன்று சாயங்காலம் நீ வந்து, “எப்படித்தா இருந்துச்சு பஸ்ஸு?” என்று கேட்டாய். சீட்டுத் தையல் மட்டம், ஆறு மாசத்தில் பிரியும் என்றேன். அது உண்மைதான், பிரிந்தது. ஆனால் அங்கே வேலையில்லாத இரண்டு கையோடு நின்றபோது எனக்குள் ஓடியது வேறு. அதை உன்னிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸுக்கு ஒரே ஒரு படி இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

உன் அத்தா